ஜான்சன் போட்ட கையெழுத்தும் சைகோனில் பூட்டிய வீடும்

முத்தியால்பேட்டைக்காரி | சனி இரவு 9:12

போன ஞாயிறு சாயங்காலம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் அப்பாவும் அவர் நண்பர்களும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஆரம்பித்த பேச்சு, ஓர் அதிபரை எதை வைத்து எடை போடுவது என்பதில் வந்து நின்றது. சொந்த நாட்டு ஜனங்களுக்குச் செய்ததை வைத்தா, வெளிநாட்டில் செய்ததை வைத்தா? ஒருவர், அறுபதுகளில் அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் பேரை எடுத்தார். அதோடு அப்பா வாயை மூடிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கதையில் ஜான்சன் இரண்டு இடத்தில் வருகிறார்.

அம்மா பக்கம் முதலில். மாமா ஜிப்மரில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1972ல் அமெரிக்கா போனார். அவருக்கு வழிவிட்டது 1965 அக்டோபர் 3ஆம் தேதி, நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையடியில் ஜான்சன் கையெழுத்துப் போட்ட குடியேற்றச் சட்டம். அதற்கு முன்னால் இந்தியாவுக்கென்று ஒதுக்கியிருந்தது வருஷத்துக்கு 100 இடம். இவ்வளவு பெரிய தேசத்துக்கு மொத்தமே நூறு. மாமா அனுப்பிய பணத்தில்தான் இரண்டு சித்திகளுக்குக் கல்யாணம் நடந்தது, ஓட்டு வீடு மாடி வீடானது, நான் காலேஜ் படித்தேன்.

அப்பா பக்கம் வேறு. தாத்தா சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவில் இருந்தவர், 1954க்குப் பிறகு வியட்நாமில் சைகோனிலேயே தங்கி ஒரு வங்கியில் காவல் வேலை பார்த்தார். ஆயா கல்யாணமானதும் கப்பலேறிப் போனாள். அப்பா பிறந்தது 1957ல், அங்கேதான். கத்தினா வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. 1965 மார்ச் 8ஆம் தேதி அமெரிக்க மரைன் படை தாநாங் கடற்கரையில் இறங்கியபோது அப்பாவுக்கு எட்டு வயசு. 1968 ஜனவரி கடைசியில், வியட்நாம் புத்தாண்டு ராத்திரியில், நகரத்துக்குள்ளேயே சண்டை வந்தது. ஆயா மூன்று பிள்ளைகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தண்ணீரில் நனைத்த மெத்தையை முன்னால் சாத்தி வைத்தாளாம். 1975 மார்ச்சில், சைகோன் விழ ஒரு மாதம் இருக்கும்போது, வீட்டைப் பூட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். சாவி இன்னும் ஆயாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது.

ஒரே ஆள், ஒரே வருஷம், 1965. அந்தக் கையெழுத்தும் அவருடையது, அந்தப் படையும் அவருடையது. அவர் கணக்கை எப்படி எழுதுவது? படித்தவர்கள், அனுபவித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மஞ்சக்குப்பம்_வாத்தியார் | சனி இரவு 10:35

அம்மா, உங்கள் அப்பாவின் மௌனத்துக்கு முன்னால் என் படிப்பு சின்னது. ஆனாலும் முப்பத்தொரு வருஷம் கடலூரில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் ஜான்சனின் உள்நாட்டுப் பக்கத்தை முழுசாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் அது பேசப்படுவதே இல்லை.

1928ல் அவர் டெக்சாஸில் கொட்டூலா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியார். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள். முப்பத்தேழு வருஷம் கழித்து, 1965 மார்ச் 15ஆம் தேதி, வாக்குரிமைச் சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியபோது அந்தப் பிள்ளைகளை நினைத்துச் சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அலபாமாவில் செல்மா பாலத்தில், ஓட்டுரிமை கேட்டு நடந்து போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியிருந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி சட்டம் வந்தது. அதுவரை மிசிசிப்பி மாநிலத்தில் கருப்பின மக்களில் 100க்கு 7 பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. இரண்டே வருஷத்தில் 100க்கு 60ஐ நெருங்கியது.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது மெடிகேர். 65 வயது தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு. 1965 ஜூலை 30ஆம் தேதி கையெழுத்தானது. முதல் அட்டை, அதற்காகப் பல வருஷம் முன்பே போராடித் தோற்ற முன்னாள் அதிபர் ட்ரூமனுக்கு. அந்தக் காலத்தில் தென் மாநில ஆஸ்பத்திரிகளில் வெள்ளையருக்கு ஒரு வார்டு, கருப்பருக்கு வேறு வார்டு. சில இடங்களில் உள்ளேயே விட மாட்டார்கள். 1964ல் வந்த குடிமை உரிமைகள் சட்டப்படி, பாகுபாடு காட்டும் இடத்துக்கு மத்திய அரசுப் பணம் கிடையாது. மெடிகேர் பணம் வேண்டுமானால் வார்டைச் சேர்க்க வேண்டும். 1966ல் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகள் சேர்த்தன. டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். தனிக் குவளையைத் தூக்கினால்தான் சர்க்காரின் காசு என்று ஒரு சட்டம் போட்டு, அதைச் சில மாதத்தில் நடத்தியும் காட்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 1964 தேர்தலில் நாடே அவர் பக்கம் நின்றபோது, பரம்பரையாக அவர் கட்சிக்குப் போட்டுவந்த தெற்கில் ஐந்து மாநிலங்கள் எதிர்க்கட்சிக்குப் போட்டன. தெரிந்தே செய்தார்.

என் கட்சி இது: போர் முடிந்துவிடும், சட்டம் நிற்கும். ஆகவே அதிபரின் பேர் உள்நாட்டில்தான் நிலைக்கிறது.

பாகூர்_ஏரிக்கரை | ஞாயிறு காலை 6:20

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் படிச்சது எட்டாவதுதான், அதனால என் வயித்துக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

1966ல் எனக்குப் பதினோரு வயசு. ரேஷனில் அரிசியைக் குறைச்சு கோதுமை போட்டாங்க. கோதுமையை என்ன பண்றதுன்னு எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா ராத்திரி ஊறவெச்சு, விடியக்காலையில் உரலில் குத்தி, கஞ்சியா காய்ச்சுவாங்க. உமி சரியாப் போகாது, தொண்டையில் நிக்கும். கடைசித் தம்பிக்கு அது ஒத்துக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அண்டாவில் பால் பவுடரைக் கரைச்சு ஊத்துவாங்க. வந்த மூட்டையில் ரெண்டு கை குலுக்கிக்கிற மாதிரி படம் இருக்கும். அந்தத் துணியில் அம்மா எனக்குப் புத்தகப் பை தைச்சாங்க. நாலு வருஷம் உழைச்சுது.

அந்தக் கோதுமையை மாசா மாசம் அளந்து விட்டது ஜான்சன்தான்னு பிற்பாடு என் மகன் படிச்சுச் சொன்னான். முன்னாடி பல வருஷத்துக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடுவாங்களாம். 1965லிருந்து அதை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கப்பலை விட்டார். ரெண்டு வருஷம் வரிசையாப் பஞ்சம். 1966ல் நம்ம தேசம் வெளியிலிருந்து வாங்கின தானியம் ஒரு கோடி டன்னைத் தாண்டிச்சு, பெரும்பகுதி அமெரிக்காவுது. கப்பல் வந்து அன்னன்னைக்கு வாய்க்குப் போற நிலைமை. இந்தியா தன் விவசாயத்தைச் சரி பண்ணணும்னு அவர் சொன்னது உண்மை. ஆனா வியட்நாமில் குண்டு போடுறதை டெல்லி குறை சொன்னது அவருக்குப் பிடிக்கலை, அதுவும் அந்தக் கயித்தை இழுத்துப் பிடிச்சுதுன்னு பல பேர் எழுதியிருக்காங்க.

முத்தியால்பேட்டை அம்மா வீட்டுக்கு ரெண்டு வழியில் வந்தவர், எங்க வீட்டுக்கு மூணாவது வழியில் வந்தார்.

ஆனா அதிலிருந்து முளைச்சது வேற. அப்போ டெல்லியில் உணவு மந்திரி நம்ம சி. சுப்பிரமணியம். அமெரிக்க விவசாய மந்திரியோட 1965 நவம்பரில் ரோமில் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணார், 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்கினார். நெல்லுக்கு ஐ.ஆர்.எட்டுன்னு புது ரகம் வந்துது. எங்க அப்பா ஏரிப் பாசனத்தில் அரைக்காணி போட்டுப் பார்த்தார். பயிர் குட்டையா நிக்கும், உரம் போட்டாலும் சாயாது. களத்தில் நெல்லைக் குவிச்சப்போ அவர் நம்பாம ரெண்டாந் தடவை மரக்காலால் அளந்தார். அரிசி மோட்டா. சோறு ஆறினா விறைச்சுக்கும். ஆனா வயிறு ரொம்பிச்சு.

கடலூர்ப் பக்கம் எங்க மாமா ஊரில் 1967 தேர்தலுக்குச் சுவரெல்லாம் ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு எழுதியிருந்துது. காங்கிரஸ் ஆட்சி போச்சு. இந்தி எதிர்ப்பு பெரிய காரணம், ஒத்துக்கறேன். அரிசித் தட்டுப்பாடும் கூடவே நின்னுது. கப்பலை மெதுவா விட்டவருக்கு எங்க ஊர்ச் சுவரு தெரிஞ்சிருக்குமா?

லாஸ்பேட்டை_மாணவி | ஞாயிறு காலை 9:04

ஐயா, அந்த மரக்கால் விஷயத்தைப் படித்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

வாத்தியார் சாருக்கு ஒரு கேள்வி. வறுமை ஒழிப்பை அவர் போர் என்றே அறிவித்தார். 1964ல் அமெரிக்காவில் 100க்கு 19 பேர் ஏழைகள், 1969ல் 100க்கு 12 என்று இறங்கியிருக்கிறது. அப்படியானால் ஏன் அதோடு நின்றது?

ஓ.டி._கடலூர் | ஞாயிறு முற்பகல் 11:47

வாத்தியாரே, போர் முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கணும், இதை என்னால் விட முடியாது.

வாஷிங்டனில் கறுப்புக் கல் சுவரில் 58,000க்கும் மேல் அமெரிக்கப் பேர் செதுக்கியிருக்கிறது. வியட்நாமில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். அவர்கள் பேரை எந்தச் சுவரில் எழுத முடியும்? காட்டை அழிக்கத் தெளித்த மருந்து, மண்ணிலும் பிறந்த பிள்ளைகளின் உடம்பிலும் இறங்கியது. அந்தத் தெளிப்பு கென்னடி காலத்தில் தொடங்கியது, ஜான்சன் காலத்தில்தான் உச்சத்துக்குப் போனது. போட்டு வெடிக்காத குண்டு இன்றும் வயலில் கிடக்கிறது, கலப்பை பட்டால் வெடிக்கிறது. எது முடிந்தது?

1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் தங்கள் கப்பலை இரண்டாவது தடவையும் தாக்கினார்கள் என்று சொல்லித்தான் நாடாளுமன்றத்தில் அதிகாரம் வாங்கினார். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. நான் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். ராத்திரி, மோசமான காற்று, கடலில் எதையோ பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால், விடியட்டும் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

துய்மா_வீதி | ஞாயிறு மதியம் 2:15

எங்கள் வீட்டில் அதிபர் என்றாலே பிரெஞ்சு அதிபர்தான். தேர்தல் வந்தால் நாங்கள் நம் ஊரிலேயே வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறோம். அதனால் தெ கோல் பற்றிச் சொல்ல எனக்கும் ஒரு உரிமை இருக்கிறது. ஜான்சனின் போரை வெளிப்படையாகக் கண்டித்த கூட்டாளி நாட்டு அதிபர் அவர். 1966 செப்டம்பர் 1ஆம் தேதி கம்போடியாவில் நோம் பென் மைதானத்தில் நின்று பேசினார். பிரான்சு வியட்நாமில் தோற்றுத் திரும்பிய நாடு. அதனால் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது.

எங்கள் குடும்பத்தை அவர் தொட்டது 1962ல். புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் தேதியே கைமாறிவிட்டது. ஒப்பந்தம் 1956 மே 28. ஆனால் பாரிஸில் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தராமல் வருஷக்கணக்காகக் கிடந்தது. பிரான்சின் பிடியிலிருந்த அல்ஜீரியாவில் விடுதலைச் சண்டை நடக்கும்போது ஒரு பிடி நிலத்தையும் விட்டுக்கொடுத்ததாகக் காட்ட யாரும் தயாராக இல்லை. 1962ல் தெ கோல் அல்ஜீரியாவை விட்டார். அதே கோடையில் எங்கள் காகிதமும் நகர்ந்தது. ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர் எழுத்தில் சொல்ல வேண்டும்.

எங்கள் பெரிய தாத்தா எழுதிக் கொடுத்தார். அவருக்கு நேர் இளையவர், சொந்தத் தம்பி, எழுதவில்லை. வயலை விட்டு எங்கே போவது, காகிதத்தால் என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார். இன்று பெரியவர் பேரப்பிள்ளைகள் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். சின்னவர் பேரன் வில்லியனூரில் ஆட்டோ ஓட்டுகிறார். பொங்கலுக்கு இரண்டு குடும்பமும் ஒரே திண்ணையில் உட்காருவோம். பாஸ்போர்ட் பேச்சு வந்தால் மட்டும் யாராவது எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

தெ கோல் 1958ல் கொடுத்த அரசியல் சட்டம்தான் பிரான்சில் இன்றும் நடக்கிறது. ஆனால் அல்ஜீரியாவில் பிரான்சுக்காகத் துப்பாக்கி பிடித்த உள்ளூர் ஆட்களை விட்டுவிட்டு வந்தார்கள், நிறையப் பேர் கொல்லப்பட்டார்கள். பிடிவாதமாகப் பிடித்திருந்தவனைவிட விட்டுக்கொடுத்தவனுக்கு வரலாறு மரியாதை தருகிறது, சரி. விடும்போது யாரை விட்டு வந்தான் என்றும் எழுத வேண்டும். சொல்தா வீட்டுப் பிள்ளை என்பதால் எனக்கு அது உறுத்துகிறது.

மஞ்சக்குப்பம்_வாத்தியார் | ஞாயிறு மாலை 5:50

ஓ.டி. தம்பி, நீ எழுதியது சரி. போர் முடிந்துவிடும் என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். இருபது தடவை வகுப்பில் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பதுதான் மனசைக் கஷ்டப்படுத்துகிறது.

சட்டம் நிற்கும் என்றதும் அவ்வளவு உறுதி இல்லை. வாக்குரிமைச் சட்டத்தில், ஓட்டைத் தடுத்த மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தது. எந்தெந்த மாநிலம் என்று தீர்மானிக்கும் பிரிவை 2013ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. காவல் ஆள் இல்லாத வேலி மாதிரி ஆகிவிட்டது.

லாஸ்பேட்டை மகளே, உன் கேள்விக்கு வருகிறேன். நின்றதற்குக் காரணம் வியட்நாம். 1968ல் ஐந்து லட்சம் அமெரிக்க வீரர்கள் அங்கே. போர்ச் செலவும் உள்நாட்டுத் திட்டமும் இரண்டுமே முடியும் என்று ஜான்சன் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். விலைவாசி ஏறியது. கடைசியில் வருமான வரிக்கு மேல் 10 சதவீதம் கூடுதல் வரி கேட்டபோது, செலவில் 600 கோடி டாலரைக் குறைத்தால்தான் தருவோம் என்று நாடாளுமன்றம் பிடித்துக்கொண்டது. கொட்டூலா பிள்ளைகளின் சோற்றில்தான் அது கை வைத்தது. இதை முன்பே வெளிப்படையாகச் சொன்னவர் மார்ட்டின் லூதர் கிங். ஜான்சனோடு நின்று சட்டம் வாங்கியவர், 1967 ஏப்ரல் 4ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் போரை எதிர்த்துப் பேசினார். ஏழைகளுக்கென்று எடுத்த பணத்தைப் போர் உறிஞ்சுகிறது என்பதுதான் அவர் வாதம். சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே தேதியில், சுட்டுக் கொன்றார்கள். அதற்கு நாலு நாள் முன்னால்தான், மறுபடி தேர்தலில் நிற்க மாட்டேன் என்று ஜான்சன் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்.

ஆக, உள்நாடு வெளிநாடு என்று நான் போட்ட கோடே தப்பு. வெளியே போன படை வீட்டு உலையை அணைத்தது. ஜான்சன் செத்தது 1973 ஜனவரி 22. வியட்நாம் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது 27ஆம் தேதி. ஐந்து நாள்.

எடிசன்_நியூஜெர்சி | திங்கள் அதிகாலை 4:31

இங்கே ஞாயிறு சாயங்காலம். பிறந்தது திருப்பாதிரிப்புலியூர், இங்கே வந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. முத்தியால்பேட்டை அக்காவின் மாமா வந்த அதே பாதையில் வந்த டாக்டர் நான்.

வாத்தியார் கோடு தப்பு என்று எழுதியதை இந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். எங்களை இங்கே இழுத்தது உள்நாட்டுச் சட்டங்கள்தான். மெடிகேர் வந்ததும், அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் கிடந்த கிழவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பார்க்க டாக்டர் போதவில்லை. குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்தது. நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி முழுக்க இந்தியரும் பிலிப்பைன்ஸ்காரரும்தான். அமெரிக்கக் கிழவிக்குக் கொடுத்த அட்டை, கெடிலம் ஆற்றங்கரையில் ஒரு வீட்டுக்குக் கூரை போட்டது.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் ஒன்று. அந்தக் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, இது புரட்சிகரமான சட்டம் ஒன்றும் இல்லை, லட்சோப லட்சம் பேரின் வாழ்க்கையை இது தொடாது என்றுதான் ஜான்சனே பேசினார். இன்று இந்த நாட்டின் முகமே மாறியிருக்கிறது. தான் எதை விட்டுப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வியட்நாமில் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தார், அதுவும் நடக்கவில்லை.

வந்த புதிதில் என்னோடு வேலை பார்த்த அட்டெண்டர் ஒருவர், வியட்நாமில் சண்டை போட்டவர். ட்ரே கீழே விழுந்து சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டி நின்றுவிடுவார். என்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த கையெழுத்தைப் போட்ட அதே ஆள்தான் அவரையும் எங்கேயோ கொண்டுபோய் விட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இந்த இழையைப் படித்த பிறகுதான் தோன்றுகிறது. அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முத்தியால்பேட்டைக்காரி | திங்கள் இரவு 8:40

எல்லாருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் எல்லாப் பதிலையும் அப்பாவுக்கும் ஆயாவுக்கும் சத்தமாக வாசித்தேன். பாகூர் ஐயா, கோதுமை தொண்டையில் நின்ற இடம் வந்தபோது ஆயா கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னாள். சைகோனில் 1966ல் அமெரிக்க அரிசி வந்ததாம். மெக்காங் ஆறு ஓடுகிற தேசத்தில் வெளிநாட்டு அரிசியா என்று வீதியே அழுததாம்.

ஜான்சனைப் பற்றி ஆயா என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். யார் அது என்றாள். அப்பாதான் சிரமப்பட்டுச் சொன்னார்: மச்சான் அமெரிக்கா போகக் கையெழுத்துப் போட்டவன், நம் வீட்டு மேல் குண்டு விழக் காரணமாக இருந்தவன், இரண்டும் ஒரே ஆள் என்று. ஆயா கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவனுக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டாள். இரண்டு பெண்கள் என்றேன். மாப்பிள்ளைகள் இருவரும் அதே வியட்நாமுக்குப் போய்த் திரும்பியவர்கள் என்றும் சொன்னேன். "திரும்பினாங்களா" என்றாள். அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து வெளியே வைத்தாள்.

நீளமான இரும்புச் சாவி. பிடியில் கட்டிய சிவப்பு நூல் கறுத்துப் போயிருக்கிறது. கூட ஒரு பிரெஞ்சு ரசீது, அதில் பழைய விலாசம். வீதிக்கு அப்போது கத்தினா என்று பேர், பிறகு து தோ, இப்போது தோங் கோய்.

துய்மா வீதிக்காரரே, உங்கள் சொந்தத்தில் யாராவது அந்தப் பக்கம் போய்வருகிறார்கள் என்றால் சொல்லுங்கள். வேறு யார் போனாலும் சரி. சைகோனில் மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது, வியட்நாம்காரர்களே சாமி கும்பிடுகிறார்கள். அங்கே ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்கிறாள் ஆயா. அப்படியே தோங் கோய் வீதிக்குப் பின்னால், பழைய வங்கிக் கட்டடத்தை ஒட்டி வலது கைப் பக்கம் ஒரு சந்து. நான்காவது வீடு. முன்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தாளாம், புதுச்சேரியிலிருந்து கொண்டுபோனது. வீடு இருக்காது என்று அவளுக்கே தெரியும். செடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்கிறாள்.